யாருக்கு வேணுமாம்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். எட்டாவதோடு நின்றவன் நான். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் துண்டு, எண்ணெய், சோப்பு, சீயக்காய் விற்கிற கடைக்காரன். எழுத்து வராது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். யாரைப் பற்றி எழுதப் போகிறேனோ அவருக்குத் தன்னைப் பற்றி எங்கேயும் ஒரு வரிகூட இருப்பது பிடிக்காது. "அண்ணாச்சி, என்னைய எதுலயும் போட்டுராதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர். ஆனால் எழுதாமல் விட்டால், எங்கள் தெருவில் அவரைப் பற்றி ஆளுக்கொன்றாகச் சொல்வதுதான் நிலைத்துப்போகும் போல இருக்கிறது. அதனால் இலஞ்சி முருகனிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு, பேரை மட்டும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். சாப்ட்வேர் இன்ஜினியர். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. பூர்வீகம் செங்கோட்டைப் பக்கம். நாற்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. நானும் என் மனைவி வடிவும் அவரை மாடித் தம்பி என்போம். என்னை அண்ணாச்சி என்பார், அவளை மதினி என்பார்.

குடிவந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆதார் நகல் கேட்டேன். கொடுப்பதற்கு முன்னால் அதன் குறுக்கே கோடு போட்டு, 'வீட்டு வாடகைக்கு மட்டும்' என்று எழுதினார்.

"எதுக்கு தம்பி இது?"

"இத வச்சு யாராவது என் பேருல சிம்கார்டு வாங்கிரக் கூடாதுலா."

"நானா வாங்கப் போறேன்?"

"நீங்க வாங்க மாட்டீங்க. உங்க வீட்டுல பழைய பேப்பர் எடுக்க வாரவன்?"

சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் வந்த நாளிலேயே ஒரு மனுஷன் இப்படி யோசித்தால், இவர் எங்கே என்ன செய்துவிட்டு வந்திருக்கிறாரோ என்றுதானே தோன்றும்?

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்கு என்னோடு வந்தார். சட்டை எடுத்தார். பில் போடுகிற பிள்ளை, "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்றது.

"யாருக்கு வேணுமாம்?"

இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கிற கேள்வி. கோபமாகக் கேட்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து தீப்பெட்டி கேட்டால் நாம் கேட்போமே, அந்த மாதிரி சாதாரணமாகக் கேட்பார்.

"சிஸ்டத்துக்கு சார்."

"சிஸ்டம் எங்கூடப் பேசணுமாம்மா?"

அந்தப் பிள்ளை சிரிக்கவா அழவா என்று என்னைப் பார்த்தது. நம்பர் இல்லாமல் பில் வராது என்றது. தம்பி சட்டையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் என் நம்பரைச் சொல்லிச் சட்டையை வாங்கி வந்தேன். பஸ்ஸில் இலஞ்சி வருகிற வரைக்கும் எனக்கு ஏச்சு. அந்தச் சட்டை கிழிந்து கரித்துணியான பிறகும் எனக்குப் பட்டுச்சேலைத் தள்ளுபடி வந்துகொண்டிருக்கிறது.

ஒரு நாள் வடிவிடம் வந்து, "மதினி, ஒரு ஸ்டிக்கர் பொட்டு குடுங்க, கொஞ்சம் பெருசா" என்று கேட்டார். இவள் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் யோசித்திருக்கிறாள், தனிக்கட்டைக்கு எதற்குப் பொட்டு என்று. அடுத்த வாரமும் ஒன்று கேட்டிருக்கிறார். இவள் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "மாடியில பொம்பளை நடமாட்டம் இருக்கு, கேட்டுக்கிடுங்க" என்றாள். துணி எடுக்கப் போகிற சாக்கில் மேலே போய் எட்டிப் பார்த்தவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். லேப்டாப்பு நெற்றியில் ஒரு பொட்டு, போனின் நெற்றியில் ஒரு பொட்டு. "தெனமும் ஆயுத பூஜை கொண்டாடுதாரு. பக்தியான பிள்ளைதான்" என்றாள். அது கேமராவை மறைப்பதற்கு என்று எனக்கு அவர் பிறகு சொன்னார். நான் வடிவிடம் சொல்லவில்லை. அவள் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

பக்தி இல்லை என்றும் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை தவறாமல் என்னோடு முருகன் கோயிலுக்கு வருவார். பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்பார். நான் குடும்பத்தில் உள்ள எல்லாப் பேரையும் சொல்லி முடிப்பேன். இவர் மட்டும், "சுவாமி பேருக்கே பண்ணுங்க" என்பார். பட்டருக்கும் பழகிவிட்டது.

"முருகன்ட்டக் கூடவா பேரை மறைக்கீரு?" என்றேன் ஒரு நாள்.

"அவருக்குத் தெரியும்லா அண்ணாச்சி. பின்ன எதுக்கு வரிசையில நிக்கவனுக்கெல்லாம் கேக்கும்படி சொல்லணும்?"

பேரை மறைக்கிற ஆளை எந்த ஊரில் நம்புவார்கள்? தெருவில் சிலர் இவர் போலீசுக்குப் பயந்து இருக்கிறார் என்றார்கள். சிலர் இவரே போலீஸ் என்றார்கள்.

சாரல் காலத்தில் மாலை நேரம் கடையை மூடிவிட்டு வந்தால், வாசலில் நாற்காலி போட்டுப் பேசுவோம். அவர் பேச்சு பயமாகவும் இருக்கும், கேட்காமல் இருக்கவும் முடியாது.

"முன்ன நீங்களும் எதுத்த வீட்டுக்காரரும் ஒரே பேப்பரைப் படிச்சீங்க. எலெக்‌ஷன் வந்தா சண்டை போட்டீங்க. ஆனா ஒரே விஷயத்துக்குச் சண்டை போட்டீங்க. இப்பம் உங்க போனுக்கு ஒரு உலகம் வருது, அவரு போனுக்கு வேற உலகம் வருது. சண்டை போடுததுக்குக்கூடப் பொதுவா ஒண்ணும் இல்ல."

"இவ்வளவு பயம்னா அந்த வேலைய ஏன் பாக்கீரு?"

"ஓட்டல்ல அடுப்படியில நிக்கவன் அந்த ஓட்டல்ல சாப்பிட மாட்டான். எனக்கு அடுப்படி தெரியும்லா." பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "முன்ன ஒரு கம்பெனியில இருந்தேன். ஒரு பொம்பளை உண்டாகியிருக்கான்னா, அவ புருஷனுக்கு முன்ன எங்க மிஷினுக்குத் தெரியும். அவ என்ன வாங்குதா, என்ன தேடுதாங்கத வச்சு. அத எழுதுன நாலு பேர்ல நானும் ஒருத்தன்" என்றார்.

அப்போது வடிவின் தம்பி செல்லையாவும் வாசலில் இருந்தான். இதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. பின்னால் நடந்ததற்கு அந்த ஒரு பேச்சுதான் விதை.

அதற்கு முன்னால் யானைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சீசனில், அருவியில் வெள்ளத்தோடு ஒரு யானை வந்து விழுகிற வீடியோ எல்லாப் போனிலும் ஓடியது. கடைக்கு வருகிறவர்கள் துண்டு வாங்குவதற்கு முன் "ஆனை விழுந்த எடம் எதுண்ணே?" என்றுதான் கேட்டார்கள். நான் இல்லை என்றால், மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிற ஒருவர், கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பாறையைக் காட்ட ஆரம்பித்தார். இரண்டு நாள் கழித்து, கூட ஒரு குட்டியும் விழுந்தது என்று சேர்ந்துகொண்டது. அதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிற ஆளும் கிடைத்தான்.

மாடித் தம்பி வீடியோவை ஒரே தரம் பார்த்தார். "தண்ணியில ஆனை விழுது, தண்ணி தெறிக்கவே இல்ல, பாத்தீங்களா? மிஷின் வரைஞ்ச ஆனை."

"சரி, சிரிச்சுட்டுப் போவோம்" என்றேன்.

"சிரிக்க முடியல அண்ணாச்சி. நாளைக்கு நெஜமாவே வெள்ளம் வந்து, 'ஓடுங்கலே'ன்னு நீங்க கத்துவீங்க. குளிக்கவன் திரும்பிப் பாத்து, 'என்னண்ணே, ஆனையா?'ம்பான். அதான் பயம்."

இனி, கோமதி விஷயம்.

கோமதி எங்களுக்கு ஒரே பிள்ளை. திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. கும்பிடாத கோயில் இல்லை. அந்த வருஷம்தான் உண்டானாள். டாக்டரம்மா, கர்ப்பம் நிற்பது கஷ்டம், படுக்கையிலேயே இருக்க வேண்டும், மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையை இலஞ்சிக்குக் கூட்டி வந்தோம். கண் பட்டுவிடும் என்று வெளியே யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கும் செல்லையாவுக்கும் மருமகனுக்கும் தென்காசி டாக்டரம்மாவுக்கும்தான் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை வடிவுக்கு ஒரு போன் வந்தது. யாரோ ஒரு ஐயா. குரல் அத்தனை சாந்தம். "அம்மா, உன் மக வயித்துல ஒரு உயிர் துடிக்குது. கார்த்திகை நட்சத்திரக்காரி. பால்குடம் எடுக்கேன்னு நீ முருகன்ட்டச் சொன்னது எனக்குக் கேட்டுது" என்றிருக்கிறார். வடிவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால்குடம் நேர்ந்தது எனக்கே தெரியாது. ஐயா கடைசியாகச் சொன்னது இது: "இங்கிலீஷ் மருந்து அந்தக் குழந்தைக்கு ஆகாது. ஒரு மண்டலம் நிறுத்து. முருகன் பாத்துக்கிடுவாரு."

நான் கடையிலிருந்து வந்தபோது மாத்திரை அட்டைகள் பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தன. காலை மாத்திரையை அவள் கொடுக்கவில்லை. கோமதி படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"டாக்டரம்மாக்கு பால்குடம் தெரியுமா? அவருக்குத் தெரியுதே! காசு கேட்டாரா? ஒத்த ரூவா கேக்கலையே! பின்ன எதுக்கு ஒரு மனுஷன் போன் பண்ணிச் சொல்லணும்?"

கும்பிடுகிறவன்தானே நானும். அந்த ஐயா சொல்வது தெய்வ வாக்காக இருந்து, நான் தடுத்து, ஏதாவது ஆகிவிட்டால்? இல்லை, மாத்திரையை நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு பக்கமும் என் பேரப்பிள்ளைதான் நிற்கிறது.

விஷயம் கேள்விப்பட்டுச் செல்லையா வந்தான். அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஐயாவும் இல்ல, சாமியும் இல்ல அத்தான். ஒங்க மாடியில இருக்கான். உண்டானா மிஷினுக்குத் தெரியும்னு அவன் வாயாலயே சொன்னாம்லா?" என்று எழுந்துபோய் மாடிப்படியில் நின்று கத்தினான். "ஏலே, கீழ எறங்கி வா! எங்க வீட்டுப் பொம்பளை பேசுததையா ஒட்டுக் கேக்க?"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தம்பி அரிசி களைந்த ஈரக் கையோடு இறங்கி வந்தார். "உள்ள போய்ப் பேசுவமா? தெரு கேக்குது."

"கேக்கட்டும்லே!"

"புள்ளத்தாச்சி இருக்க வீடு. தெருவுக்கு இன்னும் தெரியாதுலா" என்றார், மெதுவாக.

நாங்கள் சொல்லவே இல்லையே. செல்லையா அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "கேட்டீங்களா அத்தான்! இவனுக்கு எப்படித் தெரியும்?"

"கோமதி வந்த நாள்லேருந்து மதினி தாளிக்கல. வெங்காய வாசமே மேல வரல. கோமதியும் வெளிய வாசலுக்கு வரல. இதுக்கு மிஷின் எதுக்குங்க?"

செல்லையா கையை எடுத்தான். நம்பி எடுத்தான் என்று சொல்ல மாட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்தோம். நடந்ததை வடிவு அழுதுகொண்டே சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மதினி, இதையெல்லாம் யார்ட்டச் சொன்னீங்க?"

"முருகனைத் தவிர யார்ட்டயும் சொல்லல. சத்தியமா."

"முருகன்ட்ட எந்த போன்ல சொன்னீங்க?"

வடிவின் அழுகை நின்றது. மெல்ல விஷயம் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு சஷ்டிக் குரூப். கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. தெருப் பெண்கள் ஒருவர் மூலம் ஒருவர் சேர்ந்தது. பேர், நட்சத்திரம், ஊரைச் சொல்லி, வேண்டுதலைக் குரலில் பேசி, ஒரு நம்பருக்குத் தனியாக அனுப்பினால் முருகன் பாதத்தில் வைக்கிறோம் என்று அதில் எவனோ போட்டிருக்கிறான். இவள் குளித்து, விளக்கேற்றி, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு மனம் உருகிப் பேசியிருக்கிறாள். முருகனிடம் பேசினதாகத்தான் அவள் மனசு இன்றைக்கும் சொல்லும்.

"ஆனா காசு கேக்கலையே தம்பி" என்றேன்.

"இப்பம் கேக்க மாட்டான். சொன்னா கேக்கீங்களான்னு மொதல்ல பாப்பான். மாத்திரைய நிறுத்தச் சொன்னது அதுக்குத்தான். அதையே கேட்டவங்க பெறவு எதையும் கேப்பாங்க."

செல்லையா, "நீ சொல்லுதத மட்டும் எப்படிடே நம்ப?" என்றான்.

"நம்ப வேண்டாம். பாத்துட்டு நம்புங்க. மதினி, அந்தக் குரூப்பு நம்பருக்கு ஒரு பொய் வேண்டுதல் அனுப்புங்க. உங்களுக்கு ஒரு மகன் இருக்கான், பஹ்ரைன்ல பாஸ்போர்ட்டப் புடுங்கிட்டாங்கன்னு."

வடிவு காதைப் பொத்திக்கொண்டாள். "முருகன்ட்டப் பொய்யா? என் நாக்கு அழுகிப் போகும்!"

"முருகன்ட்ட இல்ல மதினி. போன்ட்ட."

அவள் கேட்கவே இல்லை. கடைசியில் கோமதிதான் படுக்கையிலிருந்து பேசினாள். "எம்மா, மாத்திரை வேண்டாம்னா முருகன் அத எங்கிட்டச் சொல்ல மாட்டாரா? எம் புள்ளைக்குத்தான கேக்கேன். செய்யி."

வடிவு எழுந்து கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சன்னதியில் நின்று, "முருகா, வீட்டுக்குப் போய் ஒரு பொய் சொல்லப் போறேன். அது உனக்கு இல்ல. நீ கேக்காத" என்று வாய்விட்டே சொன்னாள். தேங்காய் உடைத்து விடலை போட்டாள். திரும்பி வந்து, பூஜை அறைக் கதவைச் சாத்திவிட்டு, புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பொய்யைப் பேசி அனுப்பினாள். இல்லாத மகனுக்காக உண்மையாகவே அழுதாள்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. எல்லோரும் சுற்றி நின்றோம். தம்பி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, உன் வீட்டுல இன்னொரு கண்ணீரும் இருக்கு. கடல் தாண்டி ஒரு ஆண்பிள்ளை தவிக்கான். உன் வயித்துல பிறந்தவன். முருகன் எனக்குக் காட்டுதாரு."

வடிவு ஒரு மூச்சு எடுத்தாள். "யோவ்" என்றாள். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. "எனக்கு ஆம்பளப் பிள்ளையே கிடையாதுய்யா. அது முருகனுக்குத் தெரியும். ஒனக்குத்தான் தெரியல."

அந்தப் பக்கம் கட்டானது. வடிவு பூஜை அறையைத் திறந்து, படத்துக்குப் பின்னாலிருந்து அட்டைகளை எடுத்து, தண்ணீரோடு கோமதியிடம் கொடுத்தாள். அப்புறம் ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் நேரில் போனோம். ஏசினார்கள், பரிசோதித்தார்கள், துடிப்பைக் கேட்கவைத்தார்கள். செல்லையா ஆஸ்பத்திரி வாசலில் தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தான். வாங்கிக் கொடுத்தான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

புகார் எழுதிக் கொடுத்தோம். அந்த நம்பர் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. மற்றப் பெண்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று நான் போனை எடுத்தபோது தம்பி தடுத்தார். "அதுல போட்டா இதுவும் ஒரு பார்வர்டு. நடந்து போய்ச் சொல்லுவோம்." வடிவும் அவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சில வீட்டில் காபி கொடுத்தார்கள். சில வீட்டில் கதவைத் திறக்கவில்லை. சில வாரத்தில் தெருவில் வேறு பேச்சு வந்துவிட்டது: அவனே செய்து அவனே பிடித்தான், நல்ல பேர் வாங்குவதற்கு.

பொய் சொல்வானேன், அந்த நினைப்பு எனக்கும் வந்து போனது. மனதில் வைத்துக்கொள்ள முடியாமல் அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நல்ல சந்தேகம் அண்ணாச்சி. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன். என்னையும் விட்டுராதீங்க" என்றார். இப்படிச் சொல்கிற ஆளை என்ன செய்வது? சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த மாதமே கம்பெனி கூப்பிடுகிறது என்று வீட்டைக் காலி செய்தார். கம்பெனிதான் கூப்பிட்டதா என்று எனக்குத் தெரியாது. போகும்போதுதான் கையைப் பிடித்துக்கொண்டு, எதிலும் போட்டுவிடாதீர்கள் என்றார்.

கோமதிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன். போட்டோ அனுப்பட்டுமா என்றேன்.

"அனுப்பாதீங்க. நேர்ல வந்து பாத்துக்கிடுதேன்."

ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பேர் வைக்கிற அன்றைக்குக் காலையில், ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்த கசங்கின சட்டையோடு வாசலில் நின்றார். குழந்தையைக் கையில் வாங்கத் தெரியவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அது அவர் மூஞ்சியிலேயே தும்மியது. "சாட்சி சொல்லிட்டா" என்றாள் வடிவு. எங்கள் வீட்டில் அன்று யாரும் படம் பிடிக்கப் போனை எடுக்கவில்லை. செல்லையா எடுக்கப் பார்த்தான், வடிவு முறைத்தாள்.

நானும் வடிவும் தம்பியுமாகக் கோயிலுக்குப் போனோம். பட்டர் தட்டை வாங்கிப் பேர், நட்சத்திரம் கேட்டார். பிள்ளையின் பேர் நாக்கு நுனியில் நிற்கிறது. சுற்றிலும் கூட்டம். அவரோடு பழகின பழக்கம், என் வாயில் தானாக வந்துவிட்டது: "சுவாமி பேருக்கே பண்ணுங்க."

பின்னாலிருந்து தம்பி என் தோளைத் தொட்டார். "சொல்லுங்க அண்ணாச்சி. இன்னும் எந்த போன்லயும் ஏறாத பேரு. மொதல்ல அவரு காதுல விழட்டும். இங்கன யாருக்கு வேணும்னு நமக்குத் தெரியும்லா."

பிள்ளை பேரைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். பட்டர் வழக்கப்படி தம்பியைப் பார்த்தார். அவர் ஒரு அடி முன்னால் போய், தன் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இருக்கிறபடியே சொல்லுங்கள். அவரை இதைவிட நல்லவராக்க வேண்டாம், கெட்டவராகவும் ஆக்க வேண்டாம். எங்கள் அருவியில் விழுந்த யானைக்கு இரண்டே நாளில் ஒரு குட்டி சேர்ந்ததைப் போல இதில் எதுவும் வந்து சேர வேண்டாம். அவர் பேர் என்ன, அந்தப் பிள்ளை பேர் என்ன என்று யாராவது கேட்டால், யாருக்கு வேணுமாம் என்று கேளுங்கள். அந்த இரண்டு பேர்களும் இலஞ்சி முருகனின் காதில் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும்.